டப் என்று ஒரு சின்ன சந்தோஷம்

வீட்டுக்குப் புதுசாக ஒரு மிக்ஸியோ டிவியோ வந்து இறங்கினால் கவனித்துப் பாருங்கள். பெட்டியைப் பிரித்ததும் பொருளைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். உள்ளே வைத்திருந்த பபிள் ராப்புக்கு இன்னொரு கூட்டம் அடித்துக்கொள்ளும். இரண்டாவது கூட்டத்தில் முதலில் குழந்தைகள் மட்டும்தான் இருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அப்பா கையிலும் ஒரு துண்டு இருக்கும். வாரண்டி கார்டைப் படித்துக்கொண்டே ஒரு விரலால் டப்... டப்... டப். என்னப்பா என்று கேட்டால், "சும்மாதான்" என்பார்.

அந்த "சும்மாதான்" பற்றித்தான் இந்தக் கட்டுரை.

யாரும் சொல்லித்தராமலே மனிதர்களுக்குப் பிடித்துப்போகிற சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய இருக்கின்றன. காய்ந்த சருகைத் தேடிப்போய் மிதிப்பது. புது போன் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை ஓரத்தில் பிடித்து மெதுவாக உரிப்பது. அரிசி மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுவது. தலையணையைத் திருப்பிப் போட்டு, குளிர்ந்த பக்கத்தில் கன்னத்தை வைப்பது. முதல் மழை விழுந்ததும் ஆழமாக மூச்சை இழுப்பது. இதற்கெல்லாம் சிலபஸ் கிடையாது, டியூஷன் கிடையாது. பரீட்சை வைத்தால் எல்லோரும் சென்டம் :-)

இதைப் பற்றி யோசிக்க ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருக்கும் பிள்ளைப்பாக்கம் ரொம்பச் சரியான இடம். அங்கே ஒரு பெரிய ஏரி இருக்கிறது. நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகும். அதே ஊரில் சிப்காட் தொழிற்பூங்காவும் இருக்கிறது. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் எல்லாம் சுற்றுவட்டாரம்தான். கார், டயர், கண்ணாடி, போன் என்று என்னென்னவோ செய்கிறார்கள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் பெட்டியைப் பிரித்து "ஆஹா!" என்று சொல்லப்போகும் பொருட்களில் பல, இந்தப் பகுதியில்தான் பெட்டிக்குள் போகின்றன.

முதலில் அந்த "டப்".

பபிள் ராப் பிறந்த கதையே வேடிக்கையானது. 1957-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷாவான் என்று இரண்டு பேர், குளியலறைத் திரைச்சீலை இரண்டை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தார்கள். நடுவில் காற்று மாட்டிக்கொண்டு குமிழ் குமிழாக நின்றது. சுவரில் ஒட்டும் வால்பேப்பராக விற்கலாம் என்பது அவர்கள் திட்டம். யாரும் சீண்டவில்லை. பிறகு 1960-ல் சீல்ட் ஏர் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். ஐபிஎம் தன்னுடைய 1401 கம்ப்யூட்டர்களைப் பத்திரமாக அனுப்ப இந்தக் குமிழ்த்தாளைப் பயன்படுத்திய பிறகுதான் அதற்கு வாழ்வு வந்தது. அடிபடாமல் காப்பாற்றுவதற்காக விற்ற பொருளை, ஜனங்கள் அடித்து உடைப்பதற்காக விரும்ப ஆரம்பித்தது தனிக்கதை.

எவ்வளவு விரும்பினார்கள் என்றால், 2007-ல் ஜப்பானில் பண்டாய் கம்பெனி, எத்தனை தடவை அழுத்தினாலும் தீராத பபிள் ராப் பொம்மை ஒன்றைச் சாவிக்கொத்து சைஸில் விற்றது. 2015-ல் சீல்ட் ஏர் புதுவகை ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் குமிழ்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒன்றை அழுத்தினால் காற்று பக்கத்துக் குமிழுக்கு ஓடிவிடும், வெடிக்காது. இடத்தை மிச்சப்படுத்துகிற நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் செய்தி வந்ததும் உலகம் முழுக்க மக்கள் துக்கம் விசாரித்தார்கள்!

அதற்காக இந்த ஆசையைப் பிளாஸ்டிக் வந்து கற்றுக்கொடுத்தது என்று நினைக்க வேண்டாம். சொடக்குத் தக்காளி தெரியுமில்லையா? வயல் வரப்பில், காலி மனையில் தானாக முளைக்கும். பழத்தைச் சுற்றி ஊதின பை மாதிரி ஒரு மூடி இருக்கும். அதை நெற்றியில் அடித்து "டப்" என்று உடைக்காத கிராமத்துப் பிள்ளை இருக்க முடியாது. பேரிலேயே சொடக்கு இருக்கிறது. ஊதாப் பூ பூக்கிற இன்னொரு செடி உண்டு. அதன் காய்ந்த காயைத் தண்ணீரில் போட்டால் சில நொடி சும்மா கிடக்கும். பிறகு படக்கென்று வெடித்து விதையை நாலு பக்கமும் வீசும். பட்டாசுக்காய், வெடிக்காய் என்று ஊருக்கு ஒரு பேர். எச்சில் தொட்டு அடுத்தவன் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஓடுவது பள்ளிக்கூடத்துப் பாரம்பரியம். (அந்தச் செடியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவினதுதான்!)

இது எதுவும் கிடைக்கவில்லை என்றால் விரல் இருக்கிறதே. மணிக்கணக்காக எழுதிவிட்டு நெட்டி முறிக்கிற சுகத்துக்கு ஈடு உண்டா? பேரனுக்குத் திருஷ்டி கழிக்கிற பாட்டி, அவன் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து மடக்குவாள். சடசடவென்று எல்லா விரலும் ஒன்றாகச் சொடுக்கினால் திருஷ்டி பலம் என்று அர்த்தம். பாட்டிக்கும் திருப்தி, பேரனுக்கும் திருப்தி. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் ஒரு வாயுக்குமிழி உண்டாகிறது, சத்தம் அதனோடு சம்பந்தப்பட்டது என்கிறார்கள். குமிழி உருவாகும்போது சத்தமா, உடையும்போது சத்தமா என்று ஆராய்ச்சிக்காரர்களிடையே சண்டை இருக்கிறது. நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வரும் என்று வீட்டில் திட்டுவார்களே, அதைச் சோதிக்க டொனால்ட் உங்கர் என்ற அமெரிக்க டாக்டர் 60 வருடத்துக்கு மேல் இடது கையில் மட்டும் நெட்டி முறித்தார். வலது கையைச் சும்மா விட்டுவிட்டார். இரண்டு கைக்கும் வித்தியாசம் இல்லை. 2009-ல் அவருக்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சரி, இதில் அப்படி என்ன சுகம்?

1992-ல் கேத்லின் டில்லன் என்ற உளவியல் பேராசிரியை, மாணவர்களிடம் பபிள் ராப்பைக் கொடுத்து உடைக்கச் சொல்லிப் பார்த்தார். உடைத்த பிறகு மனசு அமைதியாகவும், அதே சமயம் சுறுசுறுப்பாகவும் இருந்ததாக அவர்கள் சொன்னார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். படித்தால் மார்க் வருமா, மார்க் வந்தால் சீட் கிடைக்குமா, சீட் கிடைத்தால் வேலை கிடைக்குமா? எதற்கும் உத்தரவாதம் கிடையாது. இந்தக் குமிழி மட்டும் வாக்குக் கொடுக்கிறது. அழுத்தினால் உடையும். உடனே உடையும். உடைந்தது என்று சத்தம் போட்டுச் சொல்லும். முயற்சியும் பலனும் ஒரே விரல் நுனியில் சந்திக்கிற இடம் வாழ்க்கையில் ரொம்பக் குறைவு.

இந்தப் பகுதியில் இதன் அர்த்தம் இன்னும் கொஞ்சம் ஆழமானது.

2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியை ஆரம்பித்தது. வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். அப்போதைய போன்களில் பட்டன் இருந்தது. ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கும். அழுத்தினால் "டிக்" என்று உள்ளே போய், விட்டால் எழும்பும். அதுவும் ஒரு குமிழிதான். போனைப் பார்க்காமலே எஸ்எம்எஸ் அடித்தவர்கள் எல்லோரும் அந்த "டிக்"கை நம்பித்தான் அடித்தார்கள். 2014 நவம்பரில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. பட்டன் யுகமும் ஏறக்குறைய அதோடு போனது. இன்றைக்குச் சுங்குவார்சத்திரத்தில் ஐபோன்கள் தயாராகின்றன. 2024-ல் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் போன் முகப்புக் கண்ணாடியைப் பதப்படுத்தும் ஆலை ஒன்றைக் கார்னிங் கம்பெனி கூட்டுமுயற்சியில் அமைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. எல்லாம் வழவழ கண்ணாடி. ஆனால் விரல் சும்மா இருக்குமா? அந்த "டிக்" வேண்டும் என்று கேட்கிறது. 2016-ல் வந்த ஐபோன் 7-ல் ஹோம் பட்டன் அசையவே அசையாது. உள்ளே ஒரு சின்ன மோட்டார் அதிர்ந்து, அழுத்தின மாதிரி விரலை ஏமாற்றும். போனை ஆஃப் செய்துவிட்டு அழுத்தினால் அது வெறும் கல்.

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். அந்தக் கண்ணாடியைக் கையாளுகிற தொழிலாளியின் விரலுக்கு என்ன கிடைக்கிறது? கையுறை. தூசி புகக்கூடாத அறைகளில் தலைக்கு மூடி, முகத்துக்கு மூடி, காலுக்கு மூடி. மின்னணுப் பலகையைத் தொடுகிற இடத்தில் உடம்பின் நிலைமின்சாரம் பாய்ந்துவிடாமல் மணிக்கட்டில் ஒரு வயர் பட்டை. வளையல் கூடாது, பவுடர் கூடாது, தலையில் பூ கூடாது. போன் மேல் பாதுகாப்புத் தாள் ஒட்டும்போது உள்ளே ஒரு குமிழி நின்றாலும் அது குறை, திரும்ப ஒட்டவேண்டும். அதாவது, யாரோ ஒருவர் சரசரவென்று உரித்து மகிழப்போகும் தாளை, ஒரு சின்னக் குமிழிகூட இல்லாமல் ஒட்டுவது இன்னொருவர் வேலை. ஒட்டுகிறவர் ஒருவர், உரிக்கிறவர் ஒருவர். இருவரும் ஒருநாளும் சந்திக்கப்போவதில்லை.

அசெம்ப்ளி லைனில் ஒருவர் செய்வது முழுப் பொருளில் ஒரு சின்னத் துளி. ஒரே ஸ்க்ரூ, ஒரே ஸ்டிக்கர், ஒரே சோதனை, நாள் முழுக்க. அந்த போன் கடைசியில் மணியடித்ததா, அந்த கார் ஓடியதா என்று அவர் விரலுக்குச் செய்தி வராது. மின்னணுப் பொருட்களைச் சுற்றுகிற, நிலைமின்சாரம் பிடிக்காத பபிள் ராப் பெரும்பாலும் ரோஸ் நிறத்தில் இருக்கும். வெட்டி எறிந்த ரோஸ் துண்டு ஒன்று கையில் மாட்டினால் அதை உடைக்காமல் குப்பையில் போடுகிற மனுஷன் உண்டா! சின்னப்பிள்ளைத்தனம் என்று மேலே இருப்பவர் முறைக்கலாம். ஆனால் அன்றைக்கு அந்தக் கை செய்த ஆயிரம் வேலைகளில், பலனைக் கூடவே பார்த்த வேலை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, குறைந்தது அரை மணி இடைவேளை தரவேண்டும் என்று. அரை மணி என்பது கேட்க நன்றாக இருக்கிறது. மேலுடுப்பைக் கழற்றி மாட்ட வேண்டும், செருப்பு மாற்ற வேண்டும், கேன்டீன் வரிசையில் நிற்க வேண்டும், சாப்பிட வேண்டும், கை கழுவ வேண்டும், திரும்ப எல்லாவற்றையும் போட வேண்டும். மிச்சம் எத்தனை நிமிடம்? அந்தச் சில நிமிடத்தில்தான் கையுறை கழற்றின விரல்களில் காற்றுப் படுகிறது. ஷிப்ட் விட்டு வந்து கேட்டுக்கு வெளியே கண்ணாடி கிளாஸில் டீ வாங்குகிறவர்களைப் பார்த்தால் தெரியும். பாதிப்பேர் உடனே குடிப்பதில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கிளாஸை வைத்துக்கொண்டு சூட்டை வாங்கிக்கொள்கிறார்கள். டீ அப்புறம்.

தொடுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முடியுள்ள தோலில், மெதுவான வருடலுக்கென்றே ஒருவகை நரம்பிழைகள் இருக்கின்றன. 2009-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால்தான் இவை நன்றாக வேலை செய்கின்றன. மனிதர்களுக்குப் பிடித்த வேகமும் அதுவேதான். அம்மா மடியில் படுத்திருக்கும்போது தலை கோதுகிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த அம்மாவும் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பழகவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி ஒன்று திறக்கப்பட்டது. இந்தப் பகுதிக்கு வேலைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் வெளிமாவட்டத்துக்காரர்கள், வெளிமாநிலத்துக்காரர்கள். அம்மா மடி தூரத்தில் இருக்கிறது. விடுமுறை நாளில் ஒருத்தி தலையை இன்னொருத்தி வாரிவிட்டு, சிக்கெடுத்து, எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவது வெறும் அலங்கார வேலையா என்ன? வாரம் முழுக்கக் கையுறைக்குள் இருந்த விரல்கள் அன்றைக்கு ஒரு மனுஷியைத் தொடுகின்றன.

கடைசியாக மூக்கு.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளியே வந்தது. அதற்குப் பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து எத்தனையோ மாடல்கள் வந்துவிட்டன. புது காருக்குள் உட்கார்ந்ததும் ஒரு வாசனை வருமே, அதை ஆழமாக இழுக்காதவர் குறைவு. சீட் மேல் இருக்கும் பிளாஸ்டிக் கவரை மாதக்கணக்கில் கழற்றாமல் வைத்திருக்கிற குடும்பங்களும் உண்டு. "புதுசு" போய்விடக்கூடாதாம்! உண்மையில் அது பிளாஸ்டிக், பசை, நுரை இவற்றிலிருந்து ஆவியாகிற வேதிப்பொருட்களின் வாசனை. சீனாவில் கார் வாங்குகிறவர்கள் பலருக்கு இது பிடிப்பதில்லை. அந்த வாசனையைப் போக்குவதற்கே ஃபோர்டு கம்பெனி ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. ஆக, பிடித்ததெல்லாம் பிறவியிலேயே வந்ததும் இல்லை, உடம்புக்கு நல்லதும் இல்லை. பெட்ரோல் வாசனையும் அப்படித்தான். அதில் இருக்கும் பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. பங்க்கில் நின்று முகர்ந்து சொக்குகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் மண்வாசனை வேறு ரகம். 1964-ல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதற்கு "பெட்ரிகோர்" என்று பேர் வைத்தார்கள். வெயில் காலத்தில் செடிகள் விடுகிற எண்ணெய்களை மண்ணும் பாறையும் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. கூடவே மண்ணில் இருக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. பீட்ரூட்டில் வருகிற மண் வாடையும் இதுதான். லட்சம் கோடியில் ஒருசில பங்கு கலந்திருந்தால்கூட மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். அவ்வளவு கூர்மை எதற்கு என்பதற்கு ஆளுக்கொரு ஊகம் இருக்கிறது. மண்ணில் வாழும் ஸ்ப்ரிங்டெயில் என்ற குட்டிப் பூச்சிகளுக்கோ அது சாப்பாட்டு மணி. வாசனை பிடித்து வந்து பாக்டீரியாவைத் தின்று, அதன் வித்துகளைப் பல இடங்களுக்கும் பரப்புகின்றன என்று 2020-ல் ஒரு ஆய்வு சொன்னது. உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜில் மண்ணைச் சுட்டு, வடித்து, சந்தன எண்ணெயில் இறக்கி, மழை வாசனையை அத்தராகவே விற்கிறார்கள்.

இதில் அருமையான விஷயம் ஒன்று இருக்கிறது. 2015-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் மழைத்துளி மண்ணில் விழுவதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். துளி விழுந்ததும் அதற்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று மாட்டிக்கொள்கிறது. அது குட்டிக் குட்டிக் குமிழிகளாகத் துளிக்குள் மேலேறி, மேற்பரப்பில் டப் டப்பென்று உடைகிறது. உடையும்போது தெறிக்கிற நுண்துளிகள்தான் வாசனையைக் காற்றில் தூக்கி விடுகின்றன. அடைமழையைவிட மிதமான தூறலில் இது நன்றாக நடக்கிறதாம். மண்ணில் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கவேண்டும், அது முக்கியம். கத்திரி வெயிலில் வெந்து கிடந்த ஏரிக்கரையில் முதல் தூறல் விழும்போது, அந்தக் கரை முழுக்க ஒரே பபிள் ராப்தான். உடைக்க விரல்கூட வேண்டாம்.

பிள்ளைப்பாக்கம் பக்கம் தொழிற்சாலை வந்தது தப்பு என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சம்பளத்தில் எத்தனையோ வீட்டுக் கடன் அடைகிறது, எத்தனையோ தம்பி தங்கைக்கு ஃபீஸ் கட்டப்படுகிறது. ஆனால் வேலை கொடுத்தாகிவிட்டது, சம்பளம் கொடுத்தாகிவிட்டது, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிறவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். உடம்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற இன்னொரு இயந்திரம் இல்லை. அதற்கென்று சின்னச் சின்னக் கோரிக்கைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெரிய செலவு கிடையாது. டீ ஆறுகிறவரை கையில் வைத்திருக்க நாலு நிமிடம். ஷிப்ட் விட்டு வந்தால் நின்று காற்று வாங்க ஒரு மரம். நிரம்பினால் பார்க்கப் போகிற தூரத்தில் ஒரு ஏரி. அப்புறம், சிமெண்ட் போடாமல் விட்ட கொஞ்சம் வெறும் மண்.

சிமெண்ட் போடுகிறவர்களுக்கு அந்த மண் காலியிடமாகத்தான் தெரியும். நைட் ஷிப்ட் முடிந்து விடிகாலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒரு பெண்ணுக்கு, அந்த நேரம் பார்த்து லேசாகத் தூறினால், அந்த நாளில் யாரும் அவளிடம் தயாரித்துக் கேட்காத ஒரே பொருள் அங்கிருந்துதான் வரும். அதை இழுத்து முகர அவளுக்குக் கையுறையைக் கழற்றக்கூட வேண்டியதில்லை. முகமூடியை மட்டும் கழற்றினால் போதும்.